ஜட்ஜம்மா வீட்டு நிறம்

பெயிண்ட் கடைக்காரர் காலமாகிப் பத்தொன்பதாவது நாள் மகள் கடையைத் திறந்தாள். திறந்த அரை மணி நேரத்தில் அவளுக்கு விழி பிதுங்கிவிட்டது.

வந்தவர் கேட்டது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. எட்டு வருடத்துக்கு முன் வாசல் கேட்டுக்கு அடித்த பச்சை, அதே பச்சை, ரெண்டு லிட்டர். அந்தக் கடையின் பெருமையே அதுதான். எத்தனை வருடம் கழித்து வந்து கேட்டாலும் அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அட்டை. எந்த நிறத்தில் எத்தனை சொட்டு என்று அதில் எழுதி, நாலு மர டிராயர்களில் அகர வரிசைப்படி அடுக்கியிருந்தார் மனுஷர். வரிசை எல்லாம் ஒழுங்குதான். ஆனால் எந்தப் பேரின் வரிசை என்பதில்தான் வில்லங்கம். வாடிக்கையாளர் பேரும் இல்லை, தெருப் பேரும் இல்லை.

"யாரு பேர்ல தேடறது?" என்றாள் மகள்.

கடையில் நிறம் கலக்கிறவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சொட்டு எண்ணியே காலம் போனதால் அவருக்கு 'சொட்டு' என்றே பேர். அவர் தலையைச் சொறிந்தார். "முதலாளி வச்ச பேர்ல இருக்கும் பாப்பா. அவரே எடுப்பாரு, கணக்கை மட்டும் எனக்குச் சத்தமா சொல்லுவாரு. என்ன பேருன்னு நான் எங்க கண்டேன்?"

மகள் வீட்டுக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் அவள் அம்மா. பத்தொன்பது நாளாக வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவள்.

"அம்மா, ஒருத்தர் வந்திருக்கார். ஹெட்மாஸ்டரா இருந்தவராம். ஒல்லியா, உயரமா."

"அவர் கால்ல என்ன போட்டிருக்கார்னு பாரு."

"ஏம்மா?"

"பாருன்னா பாரு. ரெண்டும் ஒரே ஜோடியா?"

"ஜோடிதான்."

"இன்னிக்கு ஜோடியா போட்டுட்டு வந்துட்டாரா! 'ரெண்டு செருப்பு'ன்னு தேடு. ஒரு நாள் கறுப்பு ஒண்ணு, பழுப்பு ஒண்ணு மாட்டிக்கிட்டு வந்து நின்னாராம். உங்கப்பா அன்னிக்குச் சாப்பிடவே இல்ல, சிரிச்சே வயிறு ரொம்பிடுச்சு."

மூன்றாவது டிராயரில் 'ரெண்டு செருப்பு' கிடைத்தது. மகள் போனை வைத்தாள். வீட்டில் அம்மா போனைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்து அழுதாள்.

அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. முப்பத்தெட்டு வருடம், மழையோ வெயிலோ, மத்தியானம் ஒரு மணிக்குக் கடைக்காரர் சாப்பிட வீட்டுக்கு வந்துவிடுவார். கடையில் ஆயிரம் வேலை கிடக்கட்டும், கம்பெனிக்காரன் காரோடு காத்திருக்கட்டும், ஒரு மணிக்குத் தட்டின் முன்னால் ஆள் இருப்பார். வெறும் வாயோடு சாப்பிடுகிற ஆளும் இல்லை. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்கள் எல்லோரும் தட்டைச் சுற்றி வந்து நிற்பார்கள், அவர் வைத்த பேர்களோடு. பெயிண்ட் வாசனை பட்டாலே அடுக்கடுக்காய்த் தும்முகிற வக்கீல் 'தும்மல்'. ஆறு வருடமாக "அப்புறம் வரேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்த பல் டாக்டரம்மா 'அப்புறம்'. பெயிண்ட் தீர்ந்துவிட்டது என்று சவரக் கடைக்கு ஆள் வர, பாதியில் எழுந்து ஓடி வந்தவர் 'பாதி மீசை'. அவருக்கு மீசை முழுசாக வளர்ந்து நரைத்தும் போய்விட்டது, அட்டையில் இன்னும் பாதிதான்.

இந்தக் கதைகளை ஒன்று விடாமல் கேட்ட ஒரே ஆள் அவர் மனைவி. இப்போது கடை பிழைப்பது அவள் ஞாபகத்தில். மகள் போனில் அடையாளம் சொல்வாள், இவள் பேர் சொல்வாள், டிராயரில் அட்டை வரும்.

கதைகளில் ஒருத்தியை மட்டும் அவளுக்குப் பிடிக்காது. 'ஜட்ஜம்மா'. சில வருடங்களுக்கு ஒரு முறை அந்த அம்மாள் வீட்டு வேலை வரும். வந்தால் இவருக்குக் கால் தரையில் பாவாது.

"ஜட்ஜம்மாவுக்குக் கலக்கறதுதான் எனக்குப் பரீட்சை. அரைச் சொட்டு கூடினாலும் போச்சு. தீர்ப்புதான்."

"அப்படி என்ன ஒசத்தி அந்தம்மா? பாக்க எப்படி இருப்பாங்க?" என்று ஒரு தடவை கேட்டும் விட்டாள்.

"கொஞ்சம் குள்ளம். கோவம் வந்தா மூக்கு செவந்துடும்."

"ஊரார் வீட்டு மூக்கு செவந்தா உங்களுக்கு என்ன?" என்று அன்றைக்கு ரசத்தை ணங்கென்று வைத்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தோள் குலுங்கச் சாப்பிட்டார். இருமுகிறார் என்று நினைத்து அவளே தண்ணீரும் கொடுத்தாள்.

பதினாறு வயதில் மற்றவர் வீட்டுச் சுவர்களைச் சுரண்டுகிற கூலியாக ஆரம்பித்தவர் அவர். பிரஷ் பிடித்து, காண்ட்ராக்ட் எடுத்து, பிறகு ஒரு ஷட்டர் போட்ட கடை. அது இரண்டு ஷட்டராகி நாலாயிற்று. நிறம் கலக்கிற மிஷின் வந்தது, அதையும் வாங்கிப் போட்டார். ஆனால் கடைசி வரை மிஷினை நம்பவில்லை. கலந்ததைப் பலகையில் தடவி, வாங்க வந்தவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். "வெயில்ல பாருங்க. கடை பல்பு பொய் சொல்லும். மஞ்சள் வெளிச்சத்துல மஞ்சள் தெரியாது." இதைச் சொல்லாமல் அவர் ஒரு டின்கூட விற்றதில்லை.

கல்யாணமான புதிதில், இப்போதைய வீட்டுக்குக் குடிவந்தபோது, முன்னறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று கேட்டார். காய்ச்சிய பாலின் மேல் படிகிற ஆடையைக் காட்டி, "இது" என்றாள். ஷேடு கார்டில் அப்படி ஒரு நிறம் கிடையாது. பதினோரு பலகை கொண்டுவந்து காட்டினார். பதினொன்றாவதைப் பார்த்து, "இதான் நான் கேட்ட நிறம்" என்றாள். அன்றையதையும் சேர்த்து ஆறு தடவை அந்த அறைக்கு வர்ணம் பூசியாயிற்று. ஒவ்வொரு தடவையும் பலகையைக் கொண்டுவந்து அவள் முன்னால் பிடிப்பார். அவள் பார்த்து, "அதே நிறம்" என்பாள். "சரி, தீர்ப்பு ஆச்சு" என்று கிளம்புவார்.

அந்தச் சுவர்தான் அவளுக்கு அத்தாட்சி. எதற்கு என்றால், கண்ணுக்கு. அவளுடைய சித்தி ஒருத்தி கண் ஆபரேஷனுக்குப் போய், போன கண்ணோடு வீடு திரும்பியவள். அதனால் கண்ணாஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே இவளுக்கு நடுங்கும். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, பஸ் நம்பர் தெரியவில்லை, "ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாமே" என்று அவர் பத்து வருடமாகக் கெஞ்சினார்.

"எனக்கா கண்ணு சரியில்ல? இந்தச் சுவரைப் பாருங்க. குடிவந்த வருஷம் அடிச்ச அதே நிறம். ஒரு மயிரிழை மாறினாலும் எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்துவிடுவாள். அவரும் சுவரைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்.

போன வருடம் அவர் கடையில் கவுண்டருக்குப் பின்னால் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, இவள் பக்கம் திரும்பினார். சின்னப் பையன், டாக்டர். பதறிப்போய்க் கேட்டுவிட்டான்.

"ஏம்மா, கண்ணு, முகம், உடம்பு எல்லாம் இவ்வளவு மஞ்சளா இருக்கே. மாசக்கணக்கா இருந்திருக்கும். வீட்டுல யாருமே பாக்கலையா? கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருந்தா..."

அவன் அதை முடிக்கவில்லை. அவள்தான் தினமும் முடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவளும் அவர் முகத்தைக் குனிந்து பார்த்தாள். எந்த மஞ்சளும் தெரியவில்லை. எப்போதும் போல இருந்தது முகம். பித்தக்குழாய்ப் பக்கம் ஏதோ வளர்ந்து அடைத்துவிட்டது என்றார்கள். பன்னிரண்டு நாளில் முடிந்துவிட்டது.

வெளியூரில் இருந்த மகள் குடும்பத்தோடு வந்து கடையை ஏற்றுக்கொண்டாள். அம்மாவைக் கண்ணாஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். இந்த முறை இவள் மறுக்கவில்லை. யாருக்காக மறுப்பது, போனால் போகட்டும் என்று போனாள். போகவில்லை, வந்தது. இரண்டு கண்ணும் நன்றாகவே வந்தது. கட்டுப் பிரித்தபோது உலகமே வெளுத்து, நீலம் போட்ட துணி போல இருந்தது. "உங்க கண்ணுல ரொம்ப வருஷமா புரை வளர்ந்து பழுப்பு படிஞ்சிருந்தது. அதனால கொஞ்ச நாள் எல்லாம் நீலமாத் தெரியும், அப்புறம் சரியாயிடும்" என்றாள் கண் டாக்டர்.

சொன்னபடியே சரியாயிற்று. ஒரு மாதத்தில் பால் பால் நிறத்துக்கும், சோறு சோற்று நிறத்துக்கும் வந்து சேர்ந்தன. முன்னறைச் சுவர் மட்டும் வரவில்லை. பாலாடையைக் காணோம். வெளிறிய நீலமாக, ஆஸ்பத்திரிச் சுவர் போல நின்றது. அவர் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரை அவளால் பார்க்கவே முடியவில்லை.

அதைவிட மோசம், போனில் இருந்த படம். அவர் விழுவதற்கு இரண்டு மாதம் முன்னால் கடை வாசலில் யாரோ எடுத்தது. புதுக் கண்ணோடு அதைத் திறந்தாள். பளீர் வெயிலில் மனுஷர் சிரித்துக்கொண்டு நிற்கிறார். முகம் மஞ்சள். கழுத்து மஞ்சள். கண்ணின் வெள்ளை மஞ்சள். போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் மனம் ஒரே இடத்தில் செக்குமாடாகச் சுற்றியது. அட்டையில் ஆறு தடவையும் ஒரே கணக்கு இருந்தால், சுவர் மாறவில்லை. அப்படியென்றால் இந்தப் புதுக் கண்தான் பொய், படமும் பொய், பழைய கண் நன்றாகத்தான் இருந்தது, அவர் முகத்தில் பார்ப்பதற்கு எதுவும் இருந்திருக்கவில்லை. கணக்கு மாறியிருந்தால்? மாறிய நிறத்தைத்தான் "அதே நிறம்" என்று சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் மாதக்கணக்கில் மூன்று வேளையும் எதிரே உட்கார்ந்து சோறு போட்டுக்கொண்டு, அவர் செத்துக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். அந்த ஓர் அட்டையில் இருந்தது அவளுடைய தண்டனையோ விடுதலையோ.

ஒரு காலையில் பெயின்டரை வரச் சொன்னாள். "முதல்ல அந்த நாற்காலிச் சுவரைத் தேய்ச்சு பிரைமர் அடிங்க. அதான் கண்ணை உறுத்துது. நான் போய் நிறம் கலந்துட்டு வரேன்" என்று கடைக்குக் கிளம்பினாள்.

கடையில் மகளும் அவளும் சேர்ந்து தேடினார்கள். 'வீடு' என்று தேடினார்கள். 'நம்ம வீடு', 'பாலாடை', 'பாப்பா வீடு', 'அவ'. ஒன்றும் இல்லை. அவர் கொஞ்சலாகக் கூப்பிடுகிற ஒரு பேர் உண்டு. அதை மகள் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு, அவளே அந்த டிராயரைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் இல்லை. சொட்டு அன்றைக்கு என்னவோ போல இருந்தார். ஒரு டின் மூடியை இரண்டு முறை கீழே போட்டார்.

"ஊருக்கெல்லாம் அட்டை போட்டவர் நமக்குப் போடல போலிருக்கும்மா" என்றாள் மகள்.

அவள் களைத்துப்போய் அவருடைய ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஊருக்கெல்லாம் ஒரு பேர் வைத்தவர் தனக்கு ஒன்று வைக்கவில்லையே என்பது, அந்த நேரத்திலும், சுருக்கென்று குத்தியது. பேச்சை மாற்றுவதற்காக, "ஏங்க, அந்த ஜட்ஜம்மா இப்பவும் வராங்களா?" என்று சொட்டுவைக் கேட்டாள்.

சொட்டு நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஜட்ஜம்மா?"

"அதாங்க. குள்ளமா இருப்பாங்களாம். கோவம் வந்தா மூக்கு செவக்குமாம்."

"அம்மா, நெஜமாவே தெரியாமத்தான் கேக்கறீங்களா?" சொட்டு கையிலிருந்த டின்னைக் கீழே வைத்தார். "முதலாளி வச்ச பேர்ல எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். ஒரு மணி ஆனா, 'ஜட்ஜம்மா காத்துக்கிட்டிருப்பாங்க, கோர்ட்டுக்குப் போயிட்டு வரேன்'னு சொல்லிட்டுத்தானே கிளம்புவாரு. ஜட்ஜம்மான்னா நீங்கதாம்மா."

முப்பத்தெட்டு வருடம் யார் மேல் பொறாமைப்பட்டோம் என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

மகள் கடைசி டிராயரை இழுத்தாள். கடைசியில் 'ஜ' என்று ஒரு தடுப்பு. அதற்குப் பின்னால் வெறும் மரம். அட்டை இல்லை.

சொட்டு சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார்.

"முதலாளி போன மறுநாளே நான் எடுத்துட்டேம்மா. கிழிச்சுப் போட்டுடலாம்னுதான். அவர் கையெழுத்தாச்சே, மனசு வரல. நீங்க படிக்க வேணாம்மா. கணக்கை நானே படிச்சுக் கலந்து தரேன்."

"குடுங்க."

"எங்க எல்லாருக்கும் தெரிஞ்சதும்மா, அவர் மஞ்சளானது. வீட்டுல வந்து சொல்றேன்னு கிளம்பினேன். சொன்னா இந்தக் கடையில இருக்காதேன்னாரு. நாப்பது வருஷத்துல அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கடுத்துச் சொன்னாரு. பயந்துட்டேன். வேலை போயிடுமேன்னு இல்ல. அவர் சொன்ன மாதிரியைப் பாத்துப் பயந்துட்டேன்."

அவள் அட்டையை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தாள். வெயிலில் வைத்துத்தான் பார்க்க வேண்டும், அது அந்தக் கடையின் சட்டம். மேலே, பென்சிலில் கோடு போட்டு, 'ஜட்ஜம்மா வீடு, முன்னறை' என்று எழுதியிருந்தது.

முதல் தடவை: மஞ்சள் ஆறு, காவி ரெண்டு, கருப்பு அரை. தீர்ப்பு: இதான் நான் கேட்ட நிறம்.

ரெண்டு, மூணு, நாலு: அதே கணக்கு. தீர்ப்பு: அதே நிறம்.

ஐந்தாவதில் கையெழுத்து நெருங்கியிருந்தது. 'அதே கணக்கில் கொண்டுபோனேன். மஞ்சளா இருக்கு, ஏமாத்தறீங்கன்னா. கண்ணாஸ்பத்திரின்னேன். அழுதா, சாப்பிடல. மறுநாள் மஞ்சள் நாலு, நீலம் ஒண்ணு. தீர்ப்பு: அதே நிறம். சாப்பிட்டா.'

ஆறாவது: 'மஞ்சள் ஒண்ணு, நீலம் மூணு. பாக்கறவங்க சிரிப்பாங்க, சிரிக்கட்டும். தீர்ப்பு: அதே நிறம்.'

அதற்குக் கீழே, வேறு மையில், இன்னும் ரெண்டு வரி.

'என் முகத்தைப் பாத்தும் அதையேதான் சொல்றா. தனியாப் போய்க் காட்டினேன், நேரம் கடந்துடுச்சுன்னாங்க. இருக்கற வரைக்கும் அவளுக்கு அதே நிறமா இருந்துட்டுப் போறேன்.'

அவள் அதை ஒரு தடவைதான் படித்தாள். தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கடைசி மாதங்களில் வீட்டு பல்பையெல்லாம் அவர் மாற்றியது ஞாபகம் வந்தது. வெள்ளை பல்பைக் கழற்றிவிட்டு, அறைக்கு அறை மஞ்சள் பல்பு. "கண்ணுக்கு இதமா இருக்கும்" என்றார். மகளோடு போனில் முகம் பார்த்துப் பேசும்போதும் அந்த விளக்கின் கீழேயேதான் உட்காருவார். மஞ்சள் வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவர், அதைத் தன் வீட்டிலேயே செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

"படுபாவி மனுஷா" என்று வாய்விட்டே சொன்னாள். "என்னை ஜட்ஜம்மான்னு கூப்பிட்டுட்டு, சாட்சி எல்லாத்தையும் மறைச்சிட்டீங்களே. அழுதா அழட்டும்னு விட்டிருக்கக் கூடாதா? தரதரன்னு இழுத்துட்டுப் போயிருக்கக் கூடாதா? ஒரு நாள் சாப்பிடலன்னா செத்தா போயிடுவேன்?"

மகள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அட்டையை அவளும் படித்தாள். அம்மாவின் மேல் சாய்ந்து, சின்னப் பிள்ளை போலக் கேவினாள். "வாரா வாரம் பாத்தேனேம்மா போன்ல. லைட்டு ஏன் இப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலையே."

அப்போதுதான் அவளுக்குப் பெயின்டர் ஞாபகம் வந்தது.

ஆட்டோவில் வீடு வந்து சேர்வதற்குள் நாற்காலிச் சுவர் வெள்ளை வெளேரென்று ஆகியிருந்தது. மற்ற மூன்று சுவர்களில் அவர் கலந்த நீலம் அப்படியே இருந்தது. பெயின்டர் நல்ல உழைப்பாளி. உப்புத்தாளை உதறிக்கொண்டே பெருமையாகச் சொன்னான்.

"நாற்காலிக்கு மேல ஒரு எண்ணெய்க் கறை இருந்துச்சும்மா. தலை வச்சுத் தேய்ச்ச மாதிரி. லேசுல விடல. அரை மணி நேரம் தேய்ச்சு வேரோட எடுத்துட்டேன்."

அந்தக் கறை அங்கே இருந்ததே அவளுக்குத் தெரியாது. சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடுவாரே, அந்த இடம். பழைய கண்ணுக்கு அது தெரிந்ததில்லை. புதுக் கண் வந்தபின் அந்தச் சுவர்ப் பக்கம் அவள் திரும்பவில்லை. முதலில் அதைத் தேய்க்கச் சொன்னதும் அவளேதான். ஈர பிரைமரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். "அம்மா, காயல" என்றான் பெயின்டர். அவள் கையை எடுக்கவில்லை. அப்படியே நின்று அழுதாள். அவன் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் பிரஷை ஒளித்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் காலை மகளும் சொட்டும் இரண்டு பலகைகளோடு வந்தார்கள். ஒன்று முதல் கணக்கு, ஒன்று கடைசிக் கணக்கு. வாசல் வெயிலில் மகள் முதல் பலகையைப் பிடித்தாள். பாலாடை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன் அவர் வியர்வையோடு பதினொன்றாவது பலகையைத் தூக்கிக்கொண்டு நின்ற அதே நிறம், துளி மாறாமல்.

"இதான்" என்றாள் அவள். "இதான் நான் கேட்ட நிறம்."

"இதையே நாலு சுவத்துக்கும் அடிச்சுடலாமாம்மா?"

"வேணாம். மூணு சுவரைத் தொடாதீங்க. அந்த ஒண்ணுக்கு மட்டும் கடைசிக் கணக்கைப் போடுங்க."

"அது நீலமா இருக்கு, பாக்க முடியலன்னு நீதானே சொன்னே?"

"நீலந்தான். இருக்கட்டும். நான் பாக்கறேன்."

சாயங்காலத்துக்குள் இரண்டு கோட்டும் முடிந்தது. மகள் ஏணி மேல் ஏறி மஞ்சள் பல்பைக் கழற்றி, வெள்ளை பல்பைப் போட்டாள். நாலு சுவரும் ஒரே வெளிறிய நீலமாக நின்றன. தலை சாய்ந்த இடம் மட்டும் எங்கேயும் இல்லை. அவள் தன் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே காலியாக இருந்த நாற்காலியையும் சுவரையும் வெகுநேரம் பார்த்தாள்.

மகள் அட்டையை எடுத்தாள். 'ஏழாவது தடவை: மஞ்சள் ஒண்ணு, நீலம் மூணு' என்று எழுதினாள். அப்பா விட்ட இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"தீர்ப்பு என்னன்னு போடட்டுமாம்மா?"

அவளுக்கு மூக்கு சிவந்திருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"நிறம் மாறிடுச்சுன்னு எழுது" என்றாள். "எனக்குத் தெரியுதுன்னு எழுது."